அத்தியாயம் 3: கோடு போட்டது யார்?

ஆண்டிபட்டியில் பஸ் ஏறி தேனி வழியாகப் போடி வரை போனால் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். அந்தப் பயணம் முழுக்க நீங்கள் பூமிப்பந்தின் ஒரு கோட்டை ஒட்டியே போகிறீர்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கும் அட்சக்கோடு, இந்த மூன்று ஊர்களுக்கும் மிகப் பக்கத்தில்தான் ஓடுகிறது. 1928-இல் மீட்டர் கேஜாகப் போடப்பட்டு, அகலப்பாதையாக மாறி, 2023-இல் மறுபடியும் போடி வரை ரயில் வந்த தடமும் ஆண்டிபட்டியிலிருந்து இதே கோட்டோடுதான் போகிறது.

ஆனால் ஜன்னல் வழியாக எவ்வளவு தேடினாலும் அந்தக் கோடு தெரியாது. ரயில் தண்டவாளம் தெரியும், வைகை தெரியும், மலை முகடு தெரியும். வரைபடத்தில் மட்டும் இவை எல்லாமே கோடுகள். ஒரே தாளில், ஒரே மையில், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

அதனால் வரைபடம் படிக்கப் பழகுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்பது அல்ல. "இந்தக் கோட்டைப் போட்டது யார்?" என்பதுதான். பதில் மூன்றே வகை: சூரியன் போட்டது, நிலம் போட்டது, மனிதர் போட்டது. தேனி மாவட்டத்தில் மூன்றையும் நேரிலேயே போய்ப் பார்க்கலாம்.

சூரியன் போட்ட கோடு

ஏப்ரல் 16-ஐ ஒட்டிய ஒரு நாள், தேனியில் பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பை ஊன்றுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைப் பிடித்து, கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் நிழல் மேற்குப் பக்கம் நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கும். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஆகும்போது இன்னும் ஒன்பது சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும். 12.20 வாக்கில் அந்த நிழலும் கம்பின் அடியிலேயே அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் கிழக்குப் பக்கம் புதிய நிழல் தலைகாட்டும்.

இந்தச் சின்னச் சோதனை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது, நிழல் அடியோடு மறைகிறது என்றால் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கிறது. அது கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே ஆண்டு முழுக்க வடக்கும் தெற்கும் போய்வருகிறது. ஏப்ரல் 16 வாக்கிலும் ஆகஸ்ட் 27 வாக்கிலும் 10 டிகிரி வட அட்சத்துக்கு நேர் மேலே வந்து சேரும். ஆகஸ்டில் மேகம் மறைக்கக்கூடும் என்பதால் சித்திரை பிறந்த கையோடு செய்துவிடுவது நல்லது. கம்பம் ஊரில் செய்தால் நிழல் ஒரு நாள் முன்னதாகவே மறையும். கம்பம் தேனிக்குத் தெற்கே இருக்கிறது, சூரியனோ அப்போது வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, பன்னிரண்டு மணிக்கு மறையாமல் ஏன் 12.20-க்கு மறைந்தது? உங்கள் கடிகாரம் காட்டுவது தேனியின் நேரம் அல்ல. 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரம். இந்தியா முழுமைக்கும் அதுதான் பொது. பூமி ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது 360 டிகிரிக்கு, 24 மணி நேரம் எடுக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். தேனி இருப்பது ஏறத்தாழ 77½ டிகிரியில். வித்தியாசம் 5 டிகிரி, ஆக 20 நிமிடம். மற்ற மாதங்களில் சூரியன் கடிகாரத்தைவிடச் சில நிமிடம் முந்தும் அல்லது பிந்தும். ஏப்ரல் நடுவில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் கணக்கு அப்படியே பொருந்தி வருகிறது. ஒரு கம்பும் கடிகாரமும் போதும். தேனியின் அட்சமும் தீர்க்கமும் கையில் வந்துவிடுகின்றன.

10 டிகிரிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே நேராகப் போனால் மலையைத் தாண்டிக் கொச்சி வரும். கிழக்கே போனால் பாக் நீரிணையைக் கடந்து, வங்காள விரிகுடாவைத் தாண்டி, அந்தமான் தீவுகளுக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் நடுவே போகும். அந்தக் கடற்பகுதிக்குப் பாடப்புத்தகத்தில் 'பத்து டிகிரி கால்வாய்' என்று பெயர். ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்யும் அந்தக் கால்வாய், தேனி இருக்கும் அதே அட்சத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஊர், மூன்று தாள்

வரைபடம் என்பது நிலத்தைச் சுருக்கி எழுதுவது. எவ்வளவு சுருக்குகிறோம் என்பதைச் சொல்வது அளவை. தேனியிலிருந்து கம்பம் நேர்கோட்டில் சுமார் 37 கிலோமீட்டர். 1:50,000 அளவையில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்பதால் அந்தத் தூரம் தாளில் 74 சென்டிமீட்டர் வரும். 1:10,00,000 அளவையில் நான்கு சென்டிமீட்டரைக்கூட எட்டாது.

அளவை மாறும்போது தூரம் சுருங்குவதோடு பொருள்களும் காணாமல் போகின்றன. வீட்டில் பட்டா இருந்தால் அதோடு இருக்கும் புல வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். 'எஃப்.எம்.பி.' என்று சர்வேயர் சொல்வது அதைத்தான். 1:2000 போன்ற அளவையில் வரைந்திருக்கும். வரப்பு ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். மலையோ, பக்கத்து ஊரோ அதில் இருக்காது. அடுத்து இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டைப் பாருங்கள். உங்கள் வயல் போய்விட்டது. ஆனால் ஊர், கண்மாய், ஓடை, கோயில், ஒற்றையடிப் பாதை, மலைச்சரிவு எல்லாம் வந்துவிட்டன. மூன்றாவதாக, வகுப்பறைச் சுவரில் தொங்கும் தமிழ்நாட்டுப் படத்தில் மாவட்டமே உள்ளங்கை அளவுகூட இல்லை. எந்தக் கேள்விக்கு எந்தத் தாள் என்று தெரிந்து எடுப்பதுதான் திறமை. வேலித் தகராறுக்குப் புல வரைபடம், மலையேற டோப்போ ஷீட், மாநிலத்தைப் புரிந்துகொள்ளச் சுவர்ப்படம்.

டோப்போ ஷீட்டுகளின் எண் பார்ப்பதற்குப் பூட்டு மாதிரி இருந்தாலும் சாவி எளிது. 8 முதல் 12 டிகிரி வட அட்சம் வரையும், 76 முதல் 80 டிகிரி கிழக்குத் தீர்க்கம் வரையும் உள்ள பெரிய கட்டத்துக்கு எண் 58. அதைப் பக்கத்துக்கு ஒரு டிகிரி வீதம் பதினாறாக வெட்டி, ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்துகளால் பெயரிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி பதினாறாக வெட்டி 1 முதல் 16 வரை எண் கொடுக்கிறார்கள். வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு வர வேண்டும். இந்தக் கணக்குப்படி தேனி 58 எஃப்/8, உத்தமபாளையம் 58 ஜி/5, கம்பம் 58 ஜி/6, குமுளி 58 ஜி/2. தேனியிலிருந்து குமுளி வரையுள்ள பாதையைப் பார்க்க நான்கு தாள் வேண்டும்.

தேனி மட்டும் ஏன் எஃப்-இல் இருக்கிறது? எஃப், ஜி இரண்டையும் பிரிப்பதே நம் 10 டிகிரிக் கோடுதான். தேனி நகரம் தன் தாளின் அடி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குத் தெற்கே கொஞ்சம் நடந்தால் அடுத்த தாளுக்குள் போய்விடுவீர்கள்.

'மேலே' என்றால் உயரம் இல்லை

சுவர்ப்படத்தில் வடக்கு மேலே இருக்கும். அது வரைகிறவர்களின் வழக்கம், அவ்வளவுதான். ஆனால் பல மாணவர்களுக்கு ஒரு குழப்பம் தங்கிவிடுகிறது: ஆறு என்றால் படத்தில் மேலிருந்து கீழே ஓட வேண்டும், அதாவது வடக்கிலிருந்து தெற்கே.

கம்பம் பள்ளத்தாக்கு இந்த நினைப்பைத் தலைகீழாக்கிவிடும். பள்ளத்தாக்கு தென்மேற்கில், குமுளி மலையடிவாரத்தில் தொடங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வடகிழக்காக இறங்கி வருகிறது. கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 390 மீட்டர், தேனி சுமார் 300 மீட்டர். ஆகவே முல்லையாறு தெற்கிலிருந்து வடக்காக, சுவர்ப்படத்தில் கீழிருந்து மேலாக ஓடுகிறது. கிழக்கே, இடையில் ஒரு மலைத்தொடரைத் தாண்டி, வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையும் முதலில் வடக்கே பார்த்துத்தான் வருகிறது. இரண்டும் தேனிப் பக்கம் சேர்ந்த பிறகு வைகை கிழக்கே திரும்புகிறது.

கம்பத்தில் மொட்டை மாடியில் ஏறி நின்றாலே இந்த அமைப்பு புரிந்துவிடும். சூரியன் இறங்கும் பக்கம் ஒரு மலைச்சுவர், அதற்கு அப்பால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். சூரியன் ஏறும் பக்கம் இன்னொரு சுவர், அது மேகமலை. இரண்டுக்கும் நடுவே நெல்லும் திராட்சையும் தென்னையும் வாழையும். இப்போது வரைபடத்தைக் கையில் வைத்துத் திருப்புங்கள். தாளில் உள்ள மேகமலை நேரில் தெரியும் மேகமலையை நோக்கி நிற்க வேண்டும். எழுத்துகள் தலைகீழாக வந்தாலும் பரவாயில்லை. இதற்குப் பெயர் வரைபடத்தைத் திசைப்படுத்துதல். திசைகாட்டி வாங்குவதற்கு முன் பழக வேண்டிய முதல் பழக்கம் இது.

தண்ணீர் போடும் கோடு

தட்டையான தாளில் மலையை எப்படிக் காட்டுவது? ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் இணைத்து ஒரு கோடு போடுகிறார்கள். அதுதான் சமஉயரக்கோடு. டோப்போ ஷீட்டில் பழுப்பு நிறத்தில் இருக்கும். 1:50,000 தாளில் பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு.

இந்தக் கோட்டை நிலத்திலேயே பார்க்க ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணைக்குப் போனால் போதும். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. அசையாத தண்ணீர் எங்கும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஆகவே தண்ணீர் கரையைத் தொடும் விளிம்பு ஒரு சமஉயரக்கோடு. கோடையில் நீர் இறங்கும்போது, நின்று நின்று இறங்கிய இடமெல்லாம் கரையில் வரிவரியாகத் தடம் விட்டுப் போகும். கரை செங்குத்தான இடத்தில் வரிகள் நெருக்கமாகவும், சரிவு மெதுவான இடத்தில் விலகியும் இருப்பதைக் கவனியுங்கள். வரைபடத்திலும் அதே விதி: கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. கரைக்குள் ஓடை நுழையும் இடத்தில் தண்ணீர் விளிம்பு கூராக உள்வாங்கும். அதனால்தான் வரைபடத்தில் சமஉயரக்கோடு மேட்டை நோக்கிக் கூராக வளைந்தால் அங்கே ஓடை என்று அர்த்தம். பள்ளத்தை நோக்கி வளைந்தால் மலையின் துருத்திய முனை.

இப்போது பள்ளத்தாக்கின் தாளை எடுங்கள். தேனியிலிருந்து கம்பம் வரை 90 மீட்டர் உயர்வுதான். அத்தனை கிலோமீட்டருக்கு நாலைந்து கோடுகளைத்தான் சாலை தாண்டுகிறது. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஏற்றம். இருபத்தைந்து கோடுகள். அவற்றில் பெரும்பாலானவை லோயர்கேம்புக்கு மேலே, கடைசிச் சில கிலோமீட்டரில் குவிந்து கிடக்கின்றன. பஸ் டிரைவர் எங்கே கியரை மாற்றுவார் என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

லோயர்கேம்பில் ஒரு நிமிடம் இறங்கி மலையைப் பாருங்கள். மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராட்சதக் குழாய்கள் சரிவில் நேராக இறங்குகின்றன. அதே மலையில் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. தண்ணீருக்கு வேகம் வேண்டும், அதனால் குழாய் சமஉயரக்கோடுகளைக் குறுக்கே வெட்டுகிறது. லாரிக்கு அந்த ஏற்றம் தாங்காது, அதனால் சாலை கோடுகளோடு கொஞ்ச தூரம் ஒட்டிப் போய், மெதுவாக ஒன்றைத் தாண்டி, திரும்பி, அடுத்ததைத் தாண்டுகிறது. கொண்டை ஊசி வளைவு என்பது அந்தத் திருப்பம்தான்.

பெரியகுளத்தைக் கேட்டாலும் இதையே சொல்லும். அங்கிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். காட்ரோடு வழியாகப் பஸ்ஸில் போனால் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். இடையே ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏற்றம் நிற்கிறது. சாலை வருவதற்கு முன் மக்கள் வெள்ளகவி வழியாக நடந்துதான் ஏறினார்கள். 1821-இல் பழனி மலையை அளக்க வந்த பி. எஸ். வார்டு என்ற சர்வே அதிகாரியும் அந்த வெள்ளகவியில் தங்கித்தான் மேலே போனார். அவருக்கு முன்பே, 1802-இல் சென்னையில் வில்லியம் லாம்ப்டன் ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைதான் பின்னாளில் இந்தியா முழுமைக்கும் பரவியது. இன்று தாளில் விரலால் தொடும் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் மலையேறிய கால்கள் இருக்கின்றன.

முகடும் எல்லையும்

சமஉயரக்கோடுகளைப் படித்து மலையின் மிக உயர்ந்த முகட்டை விரலால் தடவிக்கொண்டே போனால் நீர்பிரிமுகடு கிடைக்கும். அதற்கு மேற்கே விழும் மழை அரபிக்கடலுக்கு, கிழக்கே விழும் மழை வங்கக்கடலுக்கு. பெரியாறு ஆலுவா வழியாக மேற்கே போகிறது. வைகை மதுரை வழியாக ராமநாதபுரம் பக்கம் போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று முகட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. பீர்மேட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பள்ளத்தாக்கிலோ 1,000 மில்லிமீட்டரைத் தொடுவதே அபூர்வம். முகட்டில் தாழ்ந்திருக்கும் குமுளி போன்ற கணவாய்கள் வழியே காற்று மட்டும் உள்ளே பாய்கிறது. ஆடியில் தேனிப் பக்கம் அடிக்கும் காற்றும், ஆண்டிபட்டிப் பக்கம் சுற்றும் காற்றாலைகளும் அந்தக் கணவாய்களுக்குக் கடன்பட்டவை.

தேனி மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் இடையே உள்ள மாநில எல்லை பெரும்பாலும் இந்த முகட்டை ஒட்டியே போகிறது. இங்கேதான் கவனம் வேண்டும். முகடு நிலம் போட்ட கோடு. எல்லை மனிதர் போட்ட கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதால் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. மனிதர் போட்ட கோடு மாறும். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் எங்கே சேர வேண்டும் என்று பெரிய வாதமே நடந்து, கடைசியில் கேரளத்தோடு நின்றன. 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி பிரிந்தது. இத்தனைக்கும் முகடு நகரவில்லை. முகட்டில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமியன்று இரு மாநில மக்களும் ஏறுகிறார்கள், பளியங்குடி வழியாக நடந்தும் குமுளி வழியாக ஜீப்பிலும்.

நிலம் போட்ட கோட்டை மனிதர் துளைத்த இடமும் இங்கேயே இருக்கிறது. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 1789-இல் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆராய்ந்தார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற பொறியாளர் நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். கடைசியில் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் வேலை தொடங்கி, 1895-இல் அணை முடிந்தது.

அந்தத் திட்டத்தின் சூட்சுமம் சமஉயரக்கோட்டில்தான் இருக்கிறது. ஆற்றை மலைமேல் ஏற்ற முடியாது. ஆனால் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தலாம். மட்டம் உயர்ந்தால் ஏரி விரிந்து, அதன் ஒரு கிளை தேக்கடியில் முகட்டின் அருகே வந்து நிற்கும். அங்கே முகட்டின் குறுக்கே ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினால் தண்ணீர் தானாகவே இந்தப் பக்கம் இறங்கும். அணையின் நீர்மட்டம் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்க முடியும் என்று செய்தியில் படிக்கிறோமே, அந்த 104 அடி சுரங்க வாய் இருக்கும் உயரம். இதன் பலனாகத்தான் மழைமறைவுப் பிரதேசமான கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது.

1:50,000 தாளில் இந்தச் சுரங்கத்தின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர். அந்தக் குட்டிக் கோட்டுக்குத் தண்ணீர் தரும் அணையின் நீர்மட்டத்தைப் பற்றித்தான் இரண்டு மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடின. 2014-இல் வந்த தீர்ப்பு அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த அனுமதித்தது. யார் போட்ட கோடு எது என்று தெரியாமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

இந்திய நில அளவைத் துறை 2017 முதல் பொதுப் பயன்பாட்டுக்கான டோப்போ தாள்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. உங்கள் ஊர் உள்ள தாளை ஆசிரியரின் உதவியோடு இறக்கி அச்செடுங்கள். மூன்று வண்ணப் பென்சில்கள் போதும். சூரியன் போட்ட கோடுகளுக்கு ஒரு நிறம், நிலம் போட்டவற்றுக்கு ஒரு நிறம், மனிதர் போட்டவற்றுக்கு ஒரு நிறம். பிறகு உங்கள் வீட்டுக் கூரையில் விழும் மழைநீர் எந்த ஓடையில் சேர்ந்து, எந்தக் கண்மாயைத் தொட்டு, எந்தக் கடலுக்குப் போகும் என்று விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வழியில் சந்தேகம் வந்தால் செல்போனைத் திறக்காதீர்கள், அந்த ஓடைக்கே நடந்து போங்கள். போன் நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும். அந்த இடம் ஏன் அப்படி இருக்கிறது என்பதை வரைபடம் படிக்கத் தெரிந்தவர் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.